வெயில் காலத்தில் வெளிநாட்டுப் பயணம்: எதை உடுத்துவது, எதை விடுவது?

கோடையில் வெளிநாடு கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது: "அங்கே வெயில் 40 டிகிரியைத் தொடுமாம். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், செருப்பு, இவ்வளவு போதுமா? ஜீன்ஸ் எடுத்துப்போகலாமா? பருத்தி நல்லதா, விளையாட்டு வீரர்கள் போடும் செயற்கைத் துணி நல்லதா?"

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வெயிலுக்கு உடம்பைத் திறந்துபோடாதீர்கள், மூடுங்கள். மெல்லிய துணியில், தொளதொளவென்று, கையும் காலும் மறையும்படி மூடுங்கள். துணி குறைந்தால் சூடு குறையும் என்று நினைப்பது இயல்புதான். நிழலில் உட்கார்ந்திருக்கும்போது அது உண்மையும்கூட. ஆனால் சுற்றுலாப் பயணி நிழலில் உட்கார்ந்திருப்பதில்லை. நடக்கிறார், வரிசையில் நிற்கிறார், கோட்டை மேல் ஏறுகிறார். நேரடி வெயிலில் கணக்கு மாறிவிடுகிறது.

வெயிலில் நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, வீசுகிற காற்றே உடம்புச் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். காற்றின் சூடு அதைத் தாண்டிவிட்டால், அதே காற்று சூட்டைக் கொண்டுவந்து உடம்பில் சேர்க்கிறது. அப்புறம் உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வைதான். அந்த வியர்வையும் ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போகிறது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்த வியர்வையால் ஒரு பலனும் இல்லை, உடம்பில் இருந்த தண்ணீர் போனதுதான் மிச்சம். ஆகவே ஒரு உடையைப் பார்த்து நாம் கேட்க வேண்டியவை இரண்டு: வியர்வையைக் காயவிடுமா? வெயிலைத் தோலில் படாமல் தடுக்குமா?

இதில் முதல் கேள்விக்கான பதில், போகிற இடத்தின் காற்றைப் பொறுத்தது. ரியாத், கெய்ரோ, மராகேஷ், ஸ்பெயினின் செவில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ், லாஸ் வேகஸ் எல்லாம் உலர்ந்த வெயில். வியர்ப்பதே தெரியாது, அதற்குள் காய்ந்துவிடும். சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங், ஆகஸ்ட் மாத டோக்கியோ எல்லாம் புழுக்கம். அங்கே வெப்பமானி 32 காட்டினாலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காயாது. துபாய் பாலைவன நகரம்தானே என்று நினைத்துப் போகிறவர்கள், கடலோரமாக இருப்பதால் இரவிலும் விடாத அந்தப் புழுக்கத்தைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள்.

போகிற ஊர் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வானிலைச் செயலியில் ஈரப்பத சதவீதத்தைப் பார்க்காதீர்கள். அது காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறிக்கொண்டே இருந்து குழப்பும். 'டியூ பாயிண்ட்' என்று ஒரு எண் இருக்கும், காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. அதைப் பாருங்கள். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் உலர்ந்த காற்று, வியர்வை ஒழுங்காகக் காயும். 20-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு. 24-ஐத் தாண்டினால் நிழலில்கூட மூச்சுமுட்டுகிற மாதிரி இருக்கும். பெட்டி கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய எண் இது ஒன்றுதான் என்பேன்.

உலர்ந்த வெயிலுக்குப் போகிறீர்கள் என்றால், மூடும் உடைதான் சரி. பாலைவனத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் உச்சி முதல் கணுக்கால் வரை அங்கி போடுவதில் நல்ல காரணம் இருக்கிறது. பாலைவன நாடோடிகளான பெதுயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சியது உண்மை. ஆனால் தோல்வரை வந்து சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான். அங்கி தளர்வாக இருந்ததால், கூடுதல் சூடு உடம்பைத் தொடும் முன்பே உள்ளே ஓடும் காற்றோடு வெளியேறிவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நிறத்தைவிடத் தளர்வு முக்கியம் என்பது. உடம்பைப் பிடிக்கிற கறுப்பு டி-ஷர்ட் சுடத்தான் செய்யும், அதற்கும் தோலுக்கும் நடுவில் காற்றுக்கு இடமே இல்லை. ஒரு அளவு பெரிதாக, காற்று கீழே நுழைந்து கழுத்து வழியாக வெளியேறும்படி இருக்கும் சட்டை எந்த நிறத்தில் இருந்தாலும் தாங்கும். தளர்வும் வேண்டும், வெளிர் நிறமும் கிடைக்கிறது என்றால் ரொம்ப நல்லது.

புழுக்கமான ஊரில் துணி கொஞ்சம் குறையலாம். வியர்வை காய்வதே கஷ்டமாக இருக்கும்போது அடுக்குகள் உதவாது. அரைக்கை, முழங்கால்வரை வரும் கால்சட்டை அல்லது பாவாடை எல்லாம் அங்கே பொருத்தம்தான். ஆனால் துணி இன்னும் மெல்லியதாக, இன்னும் சீக்கிரம் காய்வதாக இருக்க வேண்டும். நீண்ட நேரம் திறந்தவெளியில் இருக்கிற நாளுக்கு ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை அங்கேயும் தேவைப்படும்.

இனி துணிக்கு வருவோம். பருத்தியா, செயற்கையா என்ற சண்டைக்கு ஒரே வரியில் தீர்ப்பு கிடையாது. சாதாரண நிலையிலேயே பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லினன் 12 சதவீதம், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், எளிதில் விடாது. உலர்ந்த வெயிலில் இது நல்ல குணம்: சட்டையே ஈரமாக இருந்து மெல்ல ஆவியாகி உடம்பைக் குளிரவைக்கும். பாங்காக்கில் அதே சட்டை காலை பத்து மணிக்கு நனைந்தால் இரவு அறைக்குத் திரும்பும்வரை நனைந்தே இருக்கும். பருத்தி எல்லா வெயிலுக்கும் நல்லது என்ற பொதுவான நம்பிக்கையை நான் ஏற்றுக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

என்னைக் கேட்டால் இரண்டு வகை வெயிலுக்கும் பொதுவாக ஒன்றைச் சொல் என்றால், லினன். அதன் இழை விறைப்பானது, அதனால் தோலில் ஒட்டாமல் கொஞ்சம் விலகியே நிற்கும். ஈரத்தை வாங்கும், சீக்கிரம் விட்டும்விடும். கசங்கும், அது உண்மை. இஸ்திரி போட்ட மடிப்பு அரை மணி நேரம்கூட நிற்காது. ஆனால் லினன் என்றாலே கசங்கல்தான் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. கசங்கல் பிடிக்காதவர்கள் லினனும் பருத்தியும் கலந்த துணியோ, மேடு பள்ளமாக நெய்த சீர்சக்கர் பருத்தியோ எடுக்கலாம். அந்த மேடுகள் மட்டுமே தோலில் படும், பள்ளங்களில் காற்று நிற்கும்.

பாலியஸ்டர், நைலான் சட்டைகள் சீக்கிரம் காய்வதில் கெட்டி. மலையேற்றம், சைக்கிள், நீண்ட நடை என்றால் அவைதான் சரி. குறை என்னவென்றால் வாடை. வியர்வை நாற்றத்தைப் பாலியஸ்டர் பிடித்துவைத்துக்கொள்ளும், இரண்டாவது நாள் பக்கத்தில் நிற்க முடியாது. மெல்லிய மெரினோ கம்பளி இந்த விஷயத்தில் ஆச்சரியமான துணி. கம்பளியா, வெயிலுக்கா என்று கேட்பீர்கள். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள மெரினோ டி-ஷர்ட் சாதாரணப் பருத்தி டி-ஷர்ட்டைவிட லேசானது, பல நாள் போட்டாலும் நாறாது. மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் துணி குளுகுளுவென்று உடம்பில் விழும், ஆனால் நனைந்தால் வலு குறையும், அடித்துத் துவைக்கக்கூடாது. மூங்கில் துணி என்று விற்பதும் பெரும்பாலும் விஸ்கோஸ்தான்.

ஜீன்ஸ் வேண்டாம். அதன் துணி சதுர மீட்டருக்கு 400 கிராம் அளவுக்கு வரும், நனைந்தால் காய ஒரு முழு நாள் ஆகும், பெட்டியில் இரண்டு லினன் கால்சட்டைகளின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

கடையில் துணியைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். துணியை ஒரு கையில் கசக்கி, பத்து எண்ணும்வரை பிடித்திருந்து விடுங்கள், எவ்வளவு கசங்கும் என்று தெரிந்துவிடும். அடுத்து இரண்டு கையாலும் விரித்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். விளக்கின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் புற ஊதாக் கதிரும் அதே வழியில் உள்ளே வரும். கடைசியாக வாய்க்கு நேரே பிடித்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் வருகிறதா என்று பின்னால் கையை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் குறைவாகவும் காற்று தாராளமாகவும் வருகிற துணி கிடைத்தால் விடாதீர்கள். அப்படிக் கிடைப்பது அரிது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நெருக்கமாக நெய்த மெல்லிய துணியை எடுத்து, தையலில் தளர்வைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று துணி வழியாக வராவிட்டாலும் கை, கழுத்து, இடுப்பு வழியாக வந்துவிடும்.

புற ஊதாக் கதிரை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் பாதுகாப்பு அளவு, அதாவது யூபிஎஃப், 5 முதல் 7 வரைதான். நனைந்தால் அதுவும் பாதியாகிவிடும். யூபிஎஃப் 50 என்று குறிக்கப்பட்ட துணி கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். இந்த அளவுகோலை 1996-இல் முதலில் கொண்டுவந்தவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். தோல் புற்றுநோயால் அதிகம் அவதிப்பட்ட நாடுகள் அவை. சன்ஸ்கிரீன் வியர்வையில் வழிந்துபோகும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். சட்டை அப்படியல்ல, போட்டால் மாலைவரை நிற்கும். மலைக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. காற்று சில்லென்று இருப்பதால் சுடுவதே தெரியாமல் தோல் வெந்துபோகும்.

இன்னொரு விஷயம், கடிகாரத்தை நம்பிவிடக்கூடாது. கோடையில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் இரண்டே காலுக்குத்தான். அதிகபட்ச வெப்பம் ஐந்து, ஆறு மணிக்கு. "நாலு மணியாச்சு, வெயில் இறங்கியிருக்கும்" என்று கிளம்பினால் நாளின் மிகக் கடுமையான நேரத்தில் தெருவில் நிற்பீர்கள். ஏதென்ஸில் 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் வெப்ப அலையின்போது, குன்றின் மேல் இருக்கும் பழங்காலக் கோட்டையான அக்ரோபோலிஸையே நடுப்பகலில் மூடினார்கள். மேலே நிழல் கிடையாது, பளிங்கும் பாறையும் வெயிலை முகத்தில் திருப்பி அடிக்கும். அந்த மாதிரி இடத்துக்குக் காலையில் போங்கள், முழுக்கைச் சட்டையோடு போங்கள்.

தொப்பி என்றால் நாலு பக்கமும் விளிம்பு உள்ள தொப்பி. கிரிக்கெட், பேஸ்பால் தொப்பிகள் நெற்றியை மட்டும் காக்கும், காதும் பிடரியும் கருகும். விளிம்பு 7.5 சென்டிமீட்டராவது இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடியில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதைக் காட்டும் யூவி 400 என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் வெறுமனே இருட்டாக இருக்கும் கண்ணாடி கண்மணியை விரியவைத்து, கெடுதலான கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும். குடை பிடிக்கக் கூச்சப்படாதீர்கள். ஜப்பானில் சுற்றுச்சூழல் அமைச்சகமே ஆண்களையும் வெயில் குடை பிடிக்கச் சொல்கிறது. கூடவே நிழலையும் எடுத்துப்போகும் வசதி வேறு எதிலும் இல்லை.

பாதத்தைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், பயணம் கெடுவது முதலில் அங்கேதான். வெப்பத்திலும் நீண்ட விமானப் பயணத்திலும் கால் வீங்கும். வீட்டில் சரியாக இருந்த ஷூ மூன்றாம் நாள் பிடிக்க ஆரம்பிக்கும். அரை அளவு பெரிதாக, முன்பே நாலைந்து முறை நடந்து பழகியதாக எடுங்கள். ரோமின் கருங்கல் பாவிய தெருக்களிலும், லிஸ்பனின் வழவழப்பான சுண்ணாம்புக் கல் நடைபாதைகளிலும் தட்டையான ரப்பர் செருப்பு உதவாது, சறுக்கும், குதிகாலும் வலிக்கும். பின்பக்கம் வார் உள்ள, அடிப்பாகம் தடித்த சாண்டலோ, வலைத்துணி ஷூவோ எடுங்கள். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். நனைந்த பருத்தி சாக்ஸ்தான் கொப்புளத்துக்கு முதல் காரணம். மெல்லிய மெரினோ அல்லது செயற்கை இழை சாக்ஸ் போடுங்கள்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு தொல்லையும் உண்டு. வியர்வையில் தொடைகள் உரசிப் புண்ணாவது. பாவாடை, கவுன் போடுகிற பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் வரும். முதல் நாள் லேசான எரிச்சல், இரண்டாம் நாள் நடக்கவே முடியாது. தொடை நடுவரை வரும் மெல்லிய, தையல் உரசாத உள்ளாடை போட்டால் இது வராது. உள்ளாடை எல்லாமே சீக்கிரம் காயும் துணியில் இருக்கட்டும். மேலே எவ்வளவு நல்ல லினன் போட்டாலும் உள்ளே தடித்த பருத்தி ஈரமாக இருந்தால் பிரயோஜனம் இல்லை.

வெயிலுக்குப் போகிறவர்கள் குளிருக்கும் ஒன்று எடுத்துவைக்க வேண்டும். விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே, ஏசியும் விடாது. சிங்கப்பூர், துபாய் கடைவளாகங்களில் நனைந்த சட்டையோடு நுழைந்தால் உடம்பு நடுங்கும். பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் இருக்கும். சான் பிரான்சிஸ்கோ ஜூலையில் மூடுபனியோடு 20 டிகிரியைத் தாண்டவே யோசிக்கும். தென்கோளத்தில் ஜூன், ஜூலை குளிர்காலம் என்பதும் மறந்துபோகிற விஷயம். ஒரு பெரிய மெல்லிய சால்வை போதும்: விமானத்தில் போர்வை, வெயிலில் தலைத்துணி, வழிபாட்டுத் தலங்களில் தோள் மறைப்பு. உலர்ந்த ஊரில் அதை நனைத்துக் கழுத்தில் சுற்றினால் நன்றாகவே குளிரும். புழுக்கமான ஊரில் அந்த உத்தி வேலை செய்யாது.

வழிபாட்டுத் தலம் என்றதும் சொல்ல வேண்டும். வாடிகனின் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மறையாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். வெயிலில் நீண்ட வரிசையில் நின்று வாசலுக்கு வந்தபின் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பாங்காக் அரண்மனை வளாகத்திலும் அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை கூடாது. கிரீஸின் மெட்டியோரா மடங்களில் பெண்கள் நீளப் பாவாடை உடுத்த வேண்டும். அபுதாபியின் ஷேக் சயீத் மசூதியில் பெண்கள் தலையை மூட வேண்டும், உடம்பு தெரியும் மெல்லிய துணியும் கூடாது. அதனால் அங்கே போட நினைக்கிற லினன் உள்ளே தெரிகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலுக்காக நான் சொல்லும் அதே நீளமான, தளர்வான உடை இந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்திவிடும்.

சட்டமே குறுக்கிடும் இடங்களும் உண்டு. பார்பேடாஸ், ஜமைக்கா, டிரினிடாட் டொபேகோ போன்ற கரீபியன் நாடுகளில் ராணுவப் பச்சைத் திட்டு அச்சிட்ட உடையைப் பொதுமக்கள் அணியக்கூடாது, குழந்தைகளும்கூட. பார்சிலோனாவில் 2011 முதல் கடற்கரையைத் தாண்டி நகருக்குள் நீச்சல் உடையில் நடந்தால் அபராதம். கடலில் இறங்குகிறவர்கள் முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். முதுகுக்குச் சன்ஸ்கிரீன் பூச ஆள் தேடவேண்டாம், பவளப்பாறைக்கும் நல்லது. ஹவாயில் 2021 முதல், பவளப்பாறைக்குக் கெடுதல் என்று கருதப்படும் ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையையே தடை செய்திருக்கிறார்கள்.

டெங்கு உள்ள வெப்பநாடுகளில் கொசு பகலில் கடிக்கும். வெளிர் நிற முழுக்கையும் முழுக்காலும் அங்கே கூடுதல் காப்பு.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொதுவாகச் சன்ஸ்கிரீன் பூசுவதில்லை, துணியும் நிழலும்தான் காப்பு. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள் சாப்பிடும் பெரியவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவை உடம்பு வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கலாம். கூட வருகிறவர் வெயிலில் தடுமாறினால், பேச்சு குழறினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் மேலாடையைத் தளர்த்தி, தண்ணீரால் நனைத்து விசிறுங்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள். அது மயக்கம்தான், சரியாகிவிடும் என்று காத்திருக்கக்கூடாது.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு எடுப்பது? நான்கு மேலாடை, அதில் இரண்டு முழுக்கை. இரண்டு நீளக் கால்சட்டை அல்லது பாவாடை, ஒரு அரைக்கால் சட்டை. உள்ளாடை ஐந்து, சாக்ஸ் மூன்று ஜோடி. மீதியைத் துவைத்துக்கொள்ளலாம். இரவு குளிக்கும்போதே சட்டையை அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, காய்ந்த துவாலையில் விரித்து, துவாலையோடு சேர்த்துச் சுருட்டி அதன்மேல் ஏறி நில்லுங்கள். துவாலை ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு குளியலறையில் தொங்கவிடாமல் அறைக்குள் ஏசி காற்று படும் இடத்தில் தொங்கவிட்டால் லினனும் செயற்கைத் துணியும் காலைக்குள் காய்ந்துவிடும். தடித்த பருத்தி காயாது. தொப்பி, கண்ணாடி, சால்வை, ஒரு முழு மாற்று உடை இவை விமானத்தில் கூடவே வரும் பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வெளியே கிளம்பலாம்.